கட்டாமல் விட்ட துணை மின் நிலையம்

நியூயார்க் நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் கான் எடிசன் நிறுவனத்துக்கு 2014-இல் ஒரு நெருக்கடி வந்தது. புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்ற இடத்தில் அந்நிறுவனத்துக்கு இரண்டு துணை மின் நிலையங்கள் உள்ளன. கிரவுன் ஹைட்ஸ், ரிட்ஜ்வுட், ரிச்மண்ட் ஹில் வட்டாரங்களுக்கு அங்கிருந்துதான் கரண்ட் போகிறது. பழைய குடியிருப்புகளில் புதுக் குடும்பங்கள் குடியேறின, வீட்டுக்கு வீடு ஏசி வந்தது. 2018 கோடைக்குள் அந்த வட்டாரத்தின் தேவை, அங்குள்ள கருவிகளும் வடங்களும் தாங்கக்கூடிய அளவை 69 மெகாவாட் தாண்டிவிடும் என்று கணக்கு சொன்னது. இதற்கு வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு துணை மின் நிலையம் கட்டி, தெருவைத் தோண்டிப் புதைவடம் போட்டு, பீடர் எனப்படும் புதிய மின்பாதை இழுப்பார்கள். அதற்கு ஆகும் செலவு சுமார் 120 கோடி டாலர்.

கான் எடிசன் அதைக் கட்டவில்லை. 20 கோடி டாலர் கொடுங்கள், தேவையைக் குறைத்துக் காட்டுகிறோம் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் போய் நின்றது. 2014 டிசம்பரில் ஆணையம் தலையசைத்தது. 69 மெகாவாட்டில் 17-ஐ லோடை வேறு பீடருக்கு மாற்றுவது போன்ற வழக்கமான வேலைகளால் சமாளித்துக்கொள்ளலாம். மீதி 52 மெகாவாட்டில் 41-ஐ வாடிக்கையாளர்கள் பக்கத்திலும், 11-ஐ நிறுவனத்தின் பக்கத்திலும் தேட வேண்டும். திட்டத்துக்கு ‘புரூக்ளின் குயீன்ஸ் தேவை மேலாண்மை’ என்று பெயர் வைத்தார்கள். மின்பகிர்மானத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் உதாரணம் காட்டுவது இதைத்தான்.

மின்சாரத்தை விற்றுப் பிழைக்கும் நிறுவனம், மின்சாரம் எடுக்காமல் இருப்பதற்காக ஊர்க்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறது. கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். உள்ளூர் நெகிழ்வுச் சந்தை என்று இப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேசப்படுவதன் சாரம் இதுதான். குறிப்பிட்ட பேட்டையில், குறிப்பிட்ட நேரத்தில், மின்சாரம் எடுப்பதைத் தள்ளிப்போடவோ குறைக்கவோ அல்லது தன் பேட்டரியிலிருந்து கொஞ்சம் திருப்பிக் கொடுக்கவோ யாரால் முடியும், எவ்வளவுக்கு முடியும் என்று ஏலம் கேட்பது.

இதற்கு ஏன் இத்தனை பாடு என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு டிரான்ஸ்பார்மரைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே செம்புச் சுருள். சுருளைச் சுற்றிக் காகிதம். ஆமாம், காகிதமேதான், எண்ணெயில் ஊறிய காகிதம். லட்சக்கணக்கில் விலை போகும் ஒரு டிரான்ஸ்பார்மரின் ஆயுள் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடும்போது வெப்பம் அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். மின்னோட்டம் 20% கூடினால் சுருளில் பிறக்கும் வெப்பம் 44% கூடும். சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் சாதாரண காகிதம் அதற்கென்று கணக்கிட்ட வேகத்தில் கிழடாகும் என்பது சர்வதேசத் தரக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் கிழடாகும் வேகம் இரட்டிக்கும். 116 டிகிரியில் ஒரு நாள் ஓடினால், காகிதத்துக்கு 8 நாள் வயதாகிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எண்ணெய் சூடாவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் லோடு எகிறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு மணி நேரம் எகிறி நின்றால்தான் ஆபத்து. பிரவுன்ஸ்வில் பகுதியின் சிக்கல் இந்த இரண்டாவது வகை. அது பெரும்பாலும் குடியிருப்புப் பகுதி. கோடை வெயிலில் மதியம் 12 மணிக்குத் தொடங்கும் நெருக்கடி நள்ளிரவு வரை நீளும். உச்சம் இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையே. அலுவலகங்கள் நிறைந்த மன்ஹாட்டனில் பிற்பகலில் உச்சம் வந்து போய்விடும். இங்கே ஜனங்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஏசியைப் போடும்போதுதான் உச்சமே. மொட்டைமாடியில் சூரியத் தகடு வைத்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. இரவு 9 மணிக்குச் சூரியனை எங்கே தேடுவது?

இன்னொரு விஷயம். நகரத் துணை மின் நிலையங்களில் ஒரு டிரான்ஸ்பார்மர் படுத்துவிட்டாலும் மற்றவை முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்கள். அந்தப் பாதுகாப்புக்காகச் சாதாரண நாட்களில் கணிசமான கொள்ளளவு சும்மா கிடக்கும். இத்தனை முதலீடும் வருஷத்தில் சில நாட்கள், அதிலும் சில மணி நேர உச்சத்துக்காக. தீபாவளிக்கு முந்தைய நாள் தாம்பரத்தையும் பெருங்களத்தூரையும் தாண்ட முடியாமல் பஸ்கள் ஊர்ந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இரவுக்காகச் சாலையை இரண்டு மடங்காக அகலப்படுத்தலாம். அல்லது, ‘நீங்கள் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் டிக்கெட்டில் பாதி தள்ளுபடி’ என்று சிலரிடம் கேட்கலாம். எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. நெரிசலின் விளிம்பில் இருக்கும் கொஞ்சம் பேர் நகர்ந்தாலே போதும். ஆனால் அவர்கள் தாம்பரம் வழியாகப் போகிறவர்களாக இருக்க வேண்டும். பூந்தமல்லி வழியாகப் போகிறவருக்குத் தள்ளுபடி கொடுத்து ஒரு பயனும் இல்லை.

கடைசி வாக்கியத்தில்தான் ‘உள்ளூர்’ என்ற அடைமொழி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரத்துக்குப் பெரிய சந்தைகள் வெகுகாலமாக இருக்கின்றன. அங்கே ஒரு யூனிட்டை எந்த மணிக்கு விற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எந்தத் தெருவில் என்பது பொருட்டல்ல. உள்ளூர்ச் சந்தையிலோ ஒரு துணை மின் நிலையத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேட்டரி கோடி ரூபாய் பெறும், இந்தப் பக்கம் இருப்பது செல்லாக்காசு.

கான் எடிசன் வாங்கிய சரக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முதல் வேலை பல்பு மாற்றுவதுதான். சின்னக் கடைகள், அடுக்குமாடிப் படிக்கட்டுகள், இரவெல்லாம் எரியும் வாசல் விளக்குகள் என்று தேடித் தேடிப் பழையதைக் கழற்றி எல்இடி மாட்டினார்கள். இதில் தொழில்நுட்பப் பகட்டு எதுவும் கிடையாது, ஆனால் இரவு 9 மணிக்கு நிச்சயமாகக் கிடைக்கும் குறைப்பு. பிரவுன்ஸ்வில் பகுதியில் மார்கஸ் கார்வி என்ற குறைந்த வாடகைக் குடியிருப்பு இருக்கிறது. 600-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே கூரையில் 400 கிலோவாட் சூரியத் தகடுகள், 400 கிலோவாட் எரிமக் கலம் (ஃபூயல் செல்), 300 கிலோவாட்டை நான்கு மணி நேரம் கொடுக்கக்கூடிய லித்தியம் பேட்டரி ஆகியவற்றை நிறுவினார்கள். பகலில் தகடு, இரவில் பேட்டரி, எப்போதும் எரிமக் கலம் என்று வேலை பிரிந்துவிட்டது. நிறுவனம் தானும் ஓசோன் பார்க் பகுதியில் 2 மெகாவாட் பேட்டரி ஒன்றை அமைத்தது.

பிறகு 2016-இல் ஏலம் விட்டார்கள். மாலை 4 முதல் 8 வரை ஒரு சரக்கு, 8 முதல் நள்ளிரவு வரை இன்னொரு சரக்கு. 2017, 2018 கோடைகளில் நீங்கள் கூப்பிடும்போது இத்தனை கிலோவாட் குறைத்துத் தருகிறோம் என்று நிறுவனங்கள் இறங்குமுக ஏலத்தில் விலை சொன்னன. 22 மெகாவாட் கிடைத்தது. விலை ஒரு கிலோவாட்டுக்கு வருடத்துக்கு 215 டாலரிலிருந்து 988 டாலர் வரை. ஒரே பேட்டையில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒருவருக்கு ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டிவைத்தால் முடிந்தது. இன்னொருவர் புதிதாகப் பேட்டரி வாங்கி வைத்தால்தான் முடியும். அந்த வேறுபாட்டை எந்தப் பொறியாளரும் மேசையில் உட்கார்ந்து கணக்கிட்டுவிட முடியாது. சொல்ல வைக்க ஏலம் வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் இது இன்னும் ஒழுங்காக நடக்கிறது. 2018 டிசம்பரில் அந்நாட்டின் பகிர்மான நிறுவனங்கள் ஆறும், புதிய வடம் போடுவதற்கு முன் அதே வேலையை நெகிழ்வாகச் செய்ய ஆள் இருக்கிறதா என்று சந்தையில் கேட்டுப் பார்ப்போம் என்று சேர்ந்து உறுதி சொன்னன. லண்டனுக்கும் தென்கிழக்கு இங்கிலாந்துக்கும் விநியோகிக்கும் யுகே பவர் நெட்வொர்க்ஸ் இதில் முன்னோடி. அதே ஆண்டில் பிக்லோ என்ற சிறு நிறுவனம் இதற்கென ஒரு வலைத்தளச் சந்தையைத் தொடங்கியிருந்தது. நெரிசல் எதிர்பார்க்கப்படும் வட்டாரங்கள் வரைபடத்தில் கட்டம் கட்டிக் காட்டப்படும். உங்களிடம் பேட்டரியோ, குளிர்பதனக் கிடங்கோ, சார்ஜர்களோ இருந்தால் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். கட்டத்துக்குள் விழுந்தால் விலைப்புள்ளி கொடுக்கலாம்.

அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: இன்ன துணை மின் நிலையத்தின் கீழ், நவம்பர் முதல் மார்ச் வரை, வார நாட்களில் மாலை 4 முதல் 8 வரை, இத்தனை மெகாவாட். கூலி இரண்டு வகை. ‘தயாராக நிற்பதற்கு’ ஒரு கூலி; ‘கூப்பிட்டதும் செய்வதற்கு’ வேறொரு கூலி. நம் ஊரில் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் எடுப்பவர்கள் நாள் வாடகை வேறு, டீசல் காசு வேறு என்று பேசுவதைப் போலத்தான். சரக்கிலும் ரகங்கள் உண்டு. முன்கூட்டியே தேதி குறித்துக் குறைப்பது ஒன்று. உச்சம் நெருங்கும்போது குறைப்பது ஒன்று. ஒரு வடம் அறுந்த பிறகு அவசரத்துக்குக் கைகொடுப்பது ஒன்று. கடைசி ரகம் மலிவான காப்பீடு மாதிரி. பெரும்பாலும் கூப்பிடவே மாட்டார்கள், கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும். அண்மைக்காலமாக மறுநாள் தேவையை முந்தின நாளே வாங்கும் சந்தையும் லண்டனில் நடக்கிறது. மழை, குளிர் நிலவரம் தெரிந்த பிறகு வாங்குவதால் வீண்செலவு குறையும்.

வீடுகள் நேரடியாக இந்த ஏலத்துக்குள் நுழைவதில்லை. ஒரு வீட்டின் பங்கு சில கிலோவாட்தான். அதனால் அக்ரிகேட்டர் எனப்படும் இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கான கார் சார்ஜர்களையும் வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்புகளையும் திரட்டி ஒரே சரக்காக விற்கிறார்கள். காரின் உரிமையாளருக்கு வேண்டியது காலை 7 மணிக்குப் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும். மாலை 6 மணிக்குச் செருகிய கார் 6 மணிக்கே ஏற வேண்டுமா, இரவு 1 மணிக்கா என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. அந்த ‘பொருட்டல்ல’தான் விற்பனைக்கு வருகிறது.

கார் விஷயத்தில் ஒரு முடிச்சும் இருக்கிறது. பிரிட்டிஷ் வீடுகள் உச்சநேரத்தில் எடுக்கும் மின்சாரத்தை எல்லா வீடுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட்தான் தேறும். ஒருத்தர் வீட்டில் கெட்டில் கொதிக்கும்போது அடுத்த வீட்டில் கொதிப்பதில்லை என்பதால் இந்தச் சராசரி. தெரு வடங்கள் அந்த நம்பிக்கையில் போடப்பட்டவை. வீட்டுக் கார் சார்ஜர் 7 கிலோவாட். சரி, எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடமாட்டார்களே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அவர்களை ஒரே நேரத்தில் போட வைப்பதற்கென்றே ஒரு கருவி வந்திருக்கிறது. அது நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம். வடகடலில் காற்று அடித்து நாடு முழுக்க மின்சாரம் மலிந்த இரவில், எல்லாக் கார்களின் மென்பொருளும் அதே மலிவான மணியைத்தான் தேர்ந்தெடுக்கும். நாட்டுக்கு நல்லது, தெரு டிரான்ஸ்பார்மருக்கு மாலை உச்சத்தைவிட மோசமான நள்ளிரவு உச்சம். தேசியச் சந்தை ‘எடு’ என்கிறது, உள்ளூர் வடம் ‘எடுக்காதே’ என்கிறது. இரண்டு முதலாளிகளும் ஒரே வேலைக்காரனுக்குக் கூலி கொடுக்கும் நிலை. யார் சொல் முந்த வேண்டும் என்ற வழக்கு இன்னும் ஐரோப்பா முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தச் சந்தைகளின் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது இந்தக் கேள்விதான். மென்பொருள் தளங்களின் அழகு அல்ல.

பணக் கணக்குக்கு வருவோம். நூறு கோடி ரூபாய்த் துணை மின் நிலையம் ஒன்றை ஓராண்டு தள்ளிப்போட முடிந்தால், 8% வட்டியில் 8 கோடி மிச்சம். அந்த ஓராண்டுக்கு ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் கூலி 8 கோடிக்குக் குறைவாக இருந்தால் லாபம். அவ்வளவுதான் அடிப்படை. இதைவிட நுட்பமான லாபம் இன்னொன்று உண்டு. தேவை இத்தனை கூடும் என்பது ஒரு கணிப்பு, கணிப்பு பொய்க்கலாம். துணை மின் நிலையம் கட்டியபின் பொய்த்தால் நாற்பது வருஷத்துக்கு அந்தக் கடன் மக்கள் தலையில். ஏல ஒப்பந்தம் போட்டிருந்தால் அடுத்த கோடைக்கு அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம்.

அப்படியென்றால் எல்லா நிறுவனங்களும் ஏன் இதில் குதிக்கவில்லை? ஏகபோக மின்நிறுவனங்களுக்குப் போட்ட முதலீட்டின் மேல் இத்தனை சதவீதம் லாபம் என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயிக்கின்றன. முதலீடு கூடினால் லாபம் கூடும். ஊர்க்காரருக்குக் கொடுக்கும் கூலி முதலீடு ஆகாது, வெறும் செலவு. இந்த அமைப்பு நிறுவனங்களைத் தேவைக்கு மேல் கட்டத் தூண்டும் என்று ஹார்வி அவெர்ச், லேலண்ட் ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962-லேயே எழுதிவிட்டார்கள். புரூக்ளினில் ஆணையம் இதைத் தெரிந்துதான் வேலை செய்தது. பல்புக்கும் பேட்டரிக்கும் போன பணத்தையும் முதலீடாகவே பாவித்து அதற்கும் லாபம் அனுமதித்தது. இலக்கை எட்டினால் மேலும் ஒரு சதவீதப் புள்ளி வரை ஊக்கத்தொகை. பிரிட்டனில் கட்டுமானச் செலவு, நடைமுறைச் செலவு என்ற பிரிவையே எடுத்துவிட்டு, மொத்தச் செலவில் மிச்சம் பிடித்தால் ஒரு பங்கு உனக்கு என்றார்கள். இந்த ஏட்டுக்கணக்கு மாற்றம் இல்லாமல் சந்தைத் தளத்தை மட்டும் திறந்து வைத்தால், அது காட்சிப்பொருளாகத்தான் இருக்கும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஏமாற்று. நீங்கள் எடுக்காத மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. நீங்கள் வழக்கமாக எவ்வளவு எடுத்திருப்பீர்கள் என்று ஒரு ஊகக் கோடு போட்டு, அதற்கும் மீட்டர் காட்டுவதற்கும் உள்ள இடைவெளிக்குத்தான் கூலி. ஊகக் கோட்டை உயர்த்தினால் ஒன்றும் செய்யாமலே கூலி வாங்கலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்ட் என்ற காகித ஆலை, தன் மின்தேவையில் பெரும்பகுதியைச் சொந்த ஜெனரேட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தது. 2007-இல் அது தேவைக் குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்தது. ‘வழக்கமான’ பயன்பாட்டை அளக்கும் சில நாட்களில் ஜெனரேட்டரைக் குறைத்துவிட்டு, வெளியிலிருந்து அதிகமாக மின்சாரம் வாங்கியது. அளவீடு முடிந்ததும் ஜெனரேட்டர் பழையபடி ஓடியது. பார்த்தால் பெரிய குறைப்பு! மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது. 2013-இல் அந்த ஆலையோடு முடிவுக்கு வந்த சமரசத்தில் அபராதம் 1 கோடி டாலர். வாங்கியதில் திருப்பிக் கொடுத்தது சுமார் 28 லட்சம் டாலர்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி, சட்டத்தை மீறாமலே நெரிசலை உண்டாக்கி, பிறகு அதைத் தீர்க்கக் கூலி வாங்குவது. நாளை மாலை இந்த வடத்தில் நெரிசல் வரும், குறைப்பவருக்கு நல்ல காசு என்று ஒரு ஆலைக்கு முன்பே தெரிந்தால், மொத்தச் சந்தையில் தேவைக்கு மேல் மின்சாரம் வாங்கிவைத்துவிட்டு, உள்ளூர்ச் சந்தையில் ‘குறைத்து’க் கொடுக்கலாம். 2000-இல் கலிபோர்னியாவில் என்ரான் நிறுவனம் நெரிசல் நிவாரணக் கூலியை இப்படித்தான் சுரண்டியது. மின்சாரத்தை நகர்த்தாமலே நகர்த்தியதாகக் காட்டி. ஜெர்மனியில் உள்ளூர்ச் சந்தை சோதனைகள் நடந்த காலத்தில் லயன் ஹிர்த், இங்மார் ஷ்லெக்ட் என்ற பொருளியலாளர்கள் இந்த அபாயத்தை விளக்கமாக எழுதினார்கள். நெரிசல் கணிக்கக்கூடியதாக இருந்தால் போதும், யாரும் ஏகபோகமாக இருக்கத் தேவையில்லை, சாதாரணப் போட்டியாளரே இதைச் செய்யலாம் என்பது அவர்கள் வாதம். நெரிசலைத் தீர்க்க மின்நிலையங்களுக்குச் சந்தை விலை கொடுப்பதை ஜெர்மனி ஏற்கவில்லை. ஆகும் செலவை மட்டும் கொடுக்கும் முறையையே 2021 அக்டோபரிலிருந்து சிறு உற்பத்தியாளர்களுக்கும் விரித்தது.

வீடுகள் விஷயத்திலும் ஜெர்மனி ஏலத்துக்குப் போகவில்லை. 2024 ஜனவரி முதல் அங்கே புதிதாக வைக்கும் கார் சார்ஜரையும் வெப்ப பம்பையும் நெருக்கடி நேரத்தில் 4.2 கிலோவாட் வரை குறைத்துக்கொள்ளப் பகிர்மான நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பதிலுக்கு வாடிக்கையாளருக்கு வலைப்பின்னல் கட்டணத்தில் ஆண்டுதோறும் தள்ளுபடி. இணைப்புத் தர மறுக்கக் கூடாது என்பது நிறுவனத்துக்கு நிபந்தனை. ஏலம், இடைத்தரகர், ஊகக் கோடு எதுவும் வேண்டாம். ஒரு தெருவின் அளவுக்கு இறங்கிவிட்டால் எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. வாங்குபவர் ஒருவர், விற்பவர் நான்கு பேர் என்றால் அதைச் சந்தை என்று சொல்வதே கொஞ்சம் மிகை. பிரிட்டனின் ஏலங்களில் ஒரு விலைப்புள்ளியும் வராமல் போன வட்டாரங்கள் உண்டு.

சந்தை சோபிப்பது நகரம் முழுக்கப் பெரிய விற்பனையாளர்கள் இருக்கும் இடத்தில். ஸ்டாக்ஹோமில் 2020 டிசம்பரில் தொடங்கிய எஸ்டிஎச்எல்எம்-ஃப்ளெக்ஸ் சோதனை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரத்துக்கு வரும் பெருவடங்களில் கொள்ளளவு போதவில்லை. புதிதாகப் போட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் ஸ்டாக்ஹோம் வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பிக் குளிர்காயவைக்கும் பொது அமைப்பு இருக்கிறது. அதற்குச் சாக்கடை நீரின் சூட்டை உறிஞ்சும் பிரம்மாண்டமான வெப்ப பம்புகள் உண்டு. ஹம்மர்பி நிலையத்தில் மட்டும் அவற்றின் வெப்பத்திறன் 225 மெகாவாட். கடுங்குளிர் மாலையில் இப்படிப்பட்ட பம்புகளை நிறுத்திவிட்டு மரத்தூளோ உயிரி எண்ணெயோ எரித்து அதே வெந்நீரைக் கொடுக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது, நகர வடங்களில் பல மெகாவாட் விடுபடும்.

நமக்கு இதில் என்ன? தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-இல் 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது, அதைச் சமாளித்தும் காட்டினார்கள். அதே கோடை இரவுகளில் சென்னையின் பல தெருக்களில் லோ வோல்டேஜ், ஒரு ஃபேஸ் போனது, பியூஸ் போனது என்ற புகார்களும் இருந்தன. மாநிலத்தில் மின்சாரம் இருந்தது. தெருவுக்கு அது வந்து சேரும் வழிதான் குறுகல். இரவு 10 மணிக்கு வீட்டுக்கு வீடு ஏசி ஓடும் நம் நெருக்கடி, பிரவுன்ஸ்வில் நெருக்கடியின் அதே ரகம். தேவையைத் தள்ளிப்போடுவதும் நமக்குப் புதிதல்ல. பம்புசெட்டுகளுக்கு முறைவைத்து மும்முனை மின்சாரம் விட்டது, 2012 வாக்கில் ஊர் ஊராக மணிக்கணக்கில் மின்வெட்டு அமல்படுத்தியது எல்லாமே தேவைக் குறைப்புதான். ஆளைக் கேட்காமல், காசு கொடுக்காமல் செய்தார்கள்.

உயரழுத்த ஆலைகளுக்கு உச்சநேரத்தில் 25% கூடுதல் கட்டணம் இங்கே ஏற்கெனவே உண்டு. அது நேரத்தைப் பார்க்கிறது, இடத்தைப் பார்ப்பதில்லை. அம்பத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே விதி. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்று தெரியும். அதில் எத்தனை யூனிட் இரவு 10 மணிக்குப் போனது என்று மின்வாரியத்துக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. மத்திய அரசு 2021-இல் அறிவித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் என்பது இலக்கு; டிரான்ஸ்பார்மர்களுக்கும் பீடர்களுக்கும் மீட்டர் வைப்பதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. பேச்சு முழுவதும் வீட்டு மீட்டரைப் பற்றியே நடக்கிறது. வீட்டு மீட்டர் பில் போட உதவும். எந்தத் தெரு எப்போது மூச்சுத் திணறுகிறது என்பதைத் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் வைக்கும் மீட்டர்தான் நேரடியாகச் சொல்லும். அது தெரியாமல் நெகிழ்வுச் சந்தை, பேட்டரி, மாறும் கட்டணம் என்று எதைக் கொண்டுவந்தாலும் இருட்டில் விலை பேசுவதாகத்தான் முடியும்.

மின்கட்டணத்தை மாற்றும் முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அங்கே போகிறவர்கள் யூனிட்டுக்கு எத்தனை காசு கூடுகிறது என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவு எவ்வளவு, போன கோடையில் எத்தனை இரவுகள் அதை மீறியது, அந்தக் கணக்கை ஏன் வெளியிடவில்லை என்று ஒருவராவது எழுந்து கேளுங்கள்.